வா என்று சொல்லும் காகிதம்

ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கரிசல் கிராமம் ஒன்றில், சென்ற கார்த்திகை மாதத்திலே, மழை விட்டு இரண்டு நாளாகியும் நிலம் செருப்பை விடாமல் பற்றிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற மூதாட்டி ஒருவர், இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையோடு சேர்த்து நான்காய் மடித்து வைத்திருந்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கய்யா. ஏட்டையா கொண்டாந்து குடுத்துட்டு, இன்னொரு காகிதத்துல கைநாட்டு வாங்கிட்டுப் போனாரு.”

சுண்ணாம்புக் கறை படிந்த அந்தக் காகிதம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மகன் பெயருக்கு வந்த சம்மன். பக்கத்துப் புஞ்சையில் ஆடு இறங்கி உளுந்தை மேய்ந்துவிட்டது என்பதில் தொடங்கி, இரு வீட்டாரும் ஒருவரையொருவர் வைது, தோளைப் பிடித்துத் தள்ளி, கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்ற ஒரு தகராறு. போடப்பட்டிருந்த பிரிவுகள் 296(பி), 115(2), 351(2). இவை புதிய தண்டனைச் சட்டத்தின் எண்கள். பழைய கணக்கில் 294(பி), 323, 506(1). நம் ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் ராகத்தோடு ஒப்பிக்கக்கூடிய மூன்று எண்கள் உண்டென்றால் அவை இவைதாம். ஆபாசமாக ஏசினான், கையால் அடித்தான், மிரட்டினான் என்பது அவற்றின் அர்த்தம். ஆஜராக வேண்டிய தேதியைத் தேடினேன். அது முந்திய திங்கட்கிழமையோடு கழிந்திருந்தது.

“தேதி தாண்டிருச்சே, பெரியம்மா. மகனுக்குப் போன் போட்டுச் சொல்லலையா?”

“அவன் பொங்கலுக்கு வருவான்ல. அப்பக் கையில குடுப்போம்னு பத்தரமா வச்சிருந்தேன்.”

பத்திரமாகத்தான் வைத்திருந்தார். சட்டத்தின் பார்வையில் அந்தச் சம்மன் கிரமப்படி சார்வு செய்யப்பட்ட சம்மன். பெயருக்குரியவர் தேடியும் அகப்படாதபோது, அவரோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தார் ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொரு பிரதியின் பின்புறத்தில் கையொப்பம் பெற்றுக்கொள்ளலாம் என்பது விதி. 2024 ஜூன் 30 வரையில் அமலிலிருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அக்குடும்பத்தார் வயதுவந்த ஆணாயிருக்க வேண்டும் என்று இருந்தது. ஆண்மக்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பெண்களும் முதியோருமே ஊரைக் காத்துக்கொண்டிருக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் அது எவ்வளவு பொருந்தாத நிபந்தனையாயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புதிய சட்டம் ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டது; தாயும் மனைவியும் இப்போது சம்மன் வாங்கலாம். வாங்கியவரிடம், இது இன்ன காகிதம், இன்ன தேதிக்குள் இன்னார் கையில் போய்ச் சேர வேண்டும் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற விதியைத்தான் இன்னும் யாரும் எழுதவில்லை.

ஒரு மனிதனை நியாயஸ்தலத்துக்கு வரவழைக்க ராஜாங்கத்துக்கு இரண்டு மார்க்கங்கள் உள்ளன. ஆளை அனுப்பிப் பிடித்து வருவது ஒன்று. காகிதத்தை அனுப்பி வரச் சொல்வது மற்றொன்று. கொலை, கொள்ளை முதலிய பெருங்குற்றங்களுக்கு முதல் மார்க்கம் தேவைப்படலாம். இரண்டு வருஷத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரிய சிறு குற்றங்களை நமது சட்டம் சம்மன் வழக்குகள் என்றே பெயரிட்டு, அழைத்தால் வருவான் என்ற நம்பிக்கையின் மேல் அவற்றின் விசாரணையை அமைத்திருக்கிறது. அந்த நம்பிக்கை குடிமகனுக்கு ராஜாங்கம் காட்டும் ஒரு மரியாதை. அது பொய்யாகவோ வெறும் சடங்காகவோ ஆகிவிடும் இடங்களில் என்ன நேர்கிறது என்பதை அறிய இந்த வட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மூன்று அழைப்புகள்

ஓட்டப்பிடாரத்தை ஒட்டியே இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. 1798 ஆகஸ்டு மாதத்தில், கம்பெனியின் கலெக்டராயிருந்த ஜாக்சன், கப்பப் பாக்கி சம்பந்தமாக இராமநாதபுரத்தில் தம்மை வந்து காணும்படி பாளையக்காரர் கட்டபொம்மனுக்குக் கட்டளை அனுப்பினார். பாக்கி 3,310 வராகன் என்பது முதற்கணக்கு. அதில் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1,080 வராகனே நிற்பதாகப் பின்னர்த் தெரிய வந்தது. கட்டளை பெற்றவர் வராமலிருக்கவில்லை. கலெக்டர் குற்றாலத்தில் இருக்கிறார் என்று கேட்டுக் குற்றாலம் போனார். காண முடியாது என்ற பதில் கிடைத்தது. சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டரின் கூடாரம் போன வழியெல்லாம் அவரும் பின்னாலேயே போனார். இருபத்துமூன்று நாள், ஏறத்தாழ நானூறு மைல் என்று சரித்திர நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கடைசியில் செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது; கிடைத்த பேட்டியில் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார்; விசாரணை முடிந்து வெளியேறுகையில் பிடித்துவைக்க முயற்சி நடந்தது; அந்தக் கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டான்; கட்டபொம்மன் தப்பி ஊர் திரும்ப, அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார்.

அந்தக் கட்டளையில் ஓர் அழைப்பாணையில் இருக்க வேண்டிய அம்சங்கள் மேலெழுந்தவாரியாக எல்லாம் இருந்தன. யார் அழைக்கிறார், யாரை, எதற்காக, எங்கே என்பதெல்லாம் தெளிவு. வந்தவரைச் சந்தித்து அவர் சொல்வதைக் கேட்கும் உத்தேசம் ஒன்றுதான் அதில் இல்லை. தம் காலடியில் நாய்போல் அலைய வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் கப்பப் பாக்கி ஒரு முகாந்தரமாயிற்று.

இதற்குப் பின் நடந்ததை நம் ஜனங்கள் அதிகம் அறியார். 1959-ல் வெளிவந்த சினிமாவின் புண்ணியத்தால் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் சம்வாதத்தை மனப்பாடமாய் முழங்காத பள்ளிப் பிள்ளை இல்லை. ஆனால் கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார் என்பதும், கவர்னர் எட்வர்ட் கிளைவ் அதன்மேல் பிரௌன், ஓரம், கசமேஜர் என்ற மூவர் அடங்கிய விசாரணைக் குழுவை நியமித்தார் என்பதும், நியாயமான விசாரணை கிடைக்கும் என்ற உறுதிமொழியோடு அக்குழு அழைத்தபோது அதே கட்டபொம்மன் போய் ஆஜரானார் என்பதும் மேடைகளில் பிரஸ்தாபிக்கப்படுவதில்லை. குழுவின் விசாரணைக்குப் பின் சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார். அவரிடத்துக்கு லூஷிங்டன் வந்தார். அழைக்கப்பட்டவர் ஒருவரே, அழைப்பு இரண்டு. ஒன்றில் இரத்தம் சிந்தியது. மற்றொன்றில் மனிதர் தாமே வந்து பதில் சொன்னார்.

மூன்றாவது அழைப்பு மறு வருஷம் வந்தது. 1799 செப்டம்பர் 4-ஆம் தேதி பாளையங்கோட்டைக்கு வந்து தம்மைக் காணும்படி மேஜர் பானர்மன் உத்தரவிட்டார், கட்டபொம்மன் வரவில்லை, மறுநாள் கோட்டை வாசலில் பட்டாளம் நின்றது. முதல் அழைப்பில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு அவர் எந்த நம்பிக்கையில் போயிருப்பார் என்று கேட்க வேண்டிய கட்டம் அது. அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டு, அன்றே அவர் தூக்கிலிடப்பட்டார். வாசிக்கப்பட்ட குற்றங்களில், கூப்பிட்டபோது வரவில்லை என்பதும் ஒன்று.

ஓட்டப்பிடாரத்து வக்கீல்

அதே ஓட்டப்பிடாரத்தில், 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி, வக்கீல் உலகநாத பிள்ளையின் குமாரராய்ப் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழரென்றே அவரை நாம் அறிவோம். 1895 முதல் இவ்வூரில் குற்றவியல் வழக்குகளையே பெரும்பாலும் நடத்திய வக்கீல் என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. ஏழைகளுக்காக வாதாடிப் போலீஸாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டதனால், 1900-ல் தகப்பனார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார் என்று சொல்வார்கள். தூத்துக்குடியில் அவருக்காகக் காத்திருந்த பகை இதனினும் பெரிது.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 9-ஆம் தேதி விபின் சந்திர பாலர் விடுதலையானதைக் கொண்டாடும் ஊர்வலம். மார்ச் 12-ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் விஞ்ச் முன்னிலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் சிறைப்பட்டது. அவர்கள்மேல் முதலில் கொண்டுவரப்பட்டது ராஜத்துரோகக் குற்றமன்று. 1898-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 107, 108-ஆம் பிரிவுகளின்படி, நன்னடத்தைக்குப் பிணை ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்கும் நடவடிக்கைதான் முதற்படி. செய்துவிட்ட குற்றத்துக்குத் தண்டனை விதிப்பதற்காக ஏற்பட்ட பிரிவுகளல்ல அவை. இனி ஏதேனும் செய்துவிடுவானோ என்ற சந்தேகத்துக்காக ஏற்பட்டவை. எனவே அச்சட்டமே சில தடைகளையும் வைத்திருந்தது: என்ன தகவலின்மேல் அழைக்கிறார் என்பதை மாஜிஸ்திரேட் எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த உத்தரவின் பிரதி சம்மனோடு போக வேண்டும், சாட்சியங்களை எடுத்து விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டுபவரும் ஜில்லா நிர்வாகியும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இத்தடைகளால் என்ன பிரயோஜனம் என்பதை அன்று திருநெல்வேலி கண்டது. மறுநாள் மார்ச் 13 ஊர் கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நால்வர் இறந்தனர். பிணையில் தொடங்கியது ராஜத்துரோக வழக்காய் முற்றி, ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே வாயிலிருந்து இரட்டைத் தீவாந்தரத் தண்டனையாக வெளிவந்தது. உயர்நீதிமன்றம் அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது.

பிற்காலத்தில், திருநெல்வேலிச் சீமையில் முன்பு உத்தியோகம் பார்த்து அவரை அறிந்திருந்த வாலேஸ் என்னும் நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத பிள்ளை தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று நாமகரணம் செய்தார். 1924 முதல் 1932 வரை அவர் வக்கீல் தொழில் நடத்தியது கோவில்பட்டியில். பிணை நடவடிக்கையின் வாயில் தாமே அகப்பட்டு மீண்ட ஒருவர், அதே சட்டப் புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரிசல் காட்டு விவசாயிகளுக்காக அங்கே எட்டு வருஷம் நடந்திருக்கிறார்.

அப்பிரிவுகள் மறையவில்லை. இப்போது அவற்றுக்கு 126, 127 என்று எண். கோவில் கொடை நெருங்கினாலும் தேர்தல் அறிவிப்பு வந்தாலும் ஊருக்குப் பத்துப் பேர் கோட்டாட்சியர் முன் போய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்து வருவதை, “நூத்தியேழு போட்டுட்டாங்க” என்று மழை வெயிலைப்போல் சகஜமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பெருநகரங்களில் இந்த அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களிடமே ஒப்படைத்திருந்த அரசாணைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 மார்ச் 13 அன்று ரத்து செய்தது. புகார் சொல்பவரே நீதிபதியாக இருக்கலாகாது என்ற அடிப்படையில் பிறந்த தீர்ப்பு அது. திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டுக்குச் சரியாக நூற்றுப்பதினைந்து வருஷம் என்பது தற்செயல்தான். எனினும் குறித்துவைக்கத் தோன்றுகிறது.

புஸ்தகத்தில் உள்ளவை

சிறு குற்ற வழக்கில் சம்மன் பெறும் மனிதனுக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று வடமொழியில் நாமம் சூட்டப்பட்டுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் உள்ள பாதுகாப்புகள் சொற்பமல்ல. (வடமொழிச் சொற்களிடம் எனக்கு விரோதமில்லை என்பதை இக்கட்டுரையே காட்டும், ஆயினும் விளாத்திகுளம் மிளகாய்ச் சம்சாரி ஒருவர் இந்தப் பெயரை முழுதாய்ச் சொல்லக் கேட்கும் பாக்கியம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.) தனிநபர் கொடுக்கும் புகாராயிருந்தால், எதிரிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் அளிக்காமல் மாஜிஸ்திரேட் அதைக் கோப்புக்கு எடுக்கவே கூடாது என்பது 223-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்த காப்பு. புகாரின் பிரதி சம்மனோடு வர வேண்டும். போலீஸ் வழக்கானால், ஆஜரான பதினான்கு நாளுக்குள் குற்றப்பத்திரிகையும் வாக்குமூலங்களும் காசு வாங்காமல் கொடுக்கப்பட வேண்டும். நேரில் வர இயலாதவருக்கு விலக்களித்து வக்கீல் மூலம் ஆஜராக அனுமதிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதம், ஒரு வருஷச் சிறைக்குரியதற்கு ஒரு வருஷம், மூன்று வருஷம் வரையுள்ளதற்கு மூன்று வருஷம் என்று காலவரம்பு உண்டு. அது கடந்தபின் வழக்கைக் கோப்புக்கு எடுக்கலாகாது. ஆஜரானவரிடம் குற்றச்சாட்டின் விவரத்தைச் சொல்லிக் கேட்கும்போதே, அது அடிப்படையற்றது என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் காரணத்தை எழுதி அங்கேயே விடுவித்துவிடலாம் என்பதும் 274-ஆம் பிரிவில் இப்போது சேர்ந்திருக்கிறது.

ஒருவனை எதிரியாக அழைப்பது கனமான காரியம், கைப்பழக்கமாய்ச் செய்யத்தக்கதன்று என்று பெப்ஸி ஃபுட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் எடுத்துரைத்தது. எடுத்துரைத்ததற்குப் பின்னும், சம்மன் அனுப்புக என்ற உத்தரவு ரப்பர் ஸ்டாம்பாக இருக்கும் இடங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு மேஜையில் குவியும் கட்டுகளைப் பார்த்தவர்கள் மாஜிஸ்திரேட்டுகளைக் கோபிக்கவும் மாட்டார்கள். முதலில் சம்மன், அதற்கு வராவிடில் ஜாமீனில் விடத்தக்க வாரண்டு, அதற்கும் மசியாவிடில்தான் பிடிவாரண்டு என்ற படிக்கிரமத்தை 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்தது. என் முன்னே நின்ற பெரியம்மாவின் மகனுக்கும் பிடிவாரண்டுக்கும் இடையே அன்று இருந்த பந்தோபஸ்து இந்தத் தீர்ப்பு ஒன்றுதான்.

நம் மதுரைக் கிளையிலிருந்து வந்த ஒரு தீர்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள் என்பதற்கெல்லாம் பழைய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவின் கீழ்ப் போலீஸாரே வழக்குப் போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும், கோர்ட்டுகள் சம்மன் அனுப்புவதும் தமிழகமெங்கும் வழக்கமாயிருந்தது. உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலம் புகார் கொடுத்தாலன்றி அக்குற்றத்தைக் கோப்புக்கு எடுக்க முடியாது என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு சொல்வதை ஜீவானந்தம் என்பவரின் வழக்கில் 2018 செப்டம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எடுத்துக்காட்டி, அத்தகைய முதல் தகவல் அறிக்கைகளையும் குற்றப்பத்திரிகைகளையும் ரத்து செய்தார். அதற்கு இரண்டு வருஷத்துக்குள் கொரோனா வந்தது. ஊரடங்கை மீறியதாக மாநிலமெங்கும் போடப்பட்டவற்றில் சுமார் பத்து லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் கடையநல்லூரில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. பத்து லட்சம் சம்மன்கள் எழுதப்பட்டிருந்தால் அவற்றைச் சுமந்து திரிய எத்தனை ஏட்டையாக்கள் வேண்டியிருக்கும்!

அந்த ஊரடங்கில்தான், 2020 ஜூன் 19-ஆம் தேதி, இதே தூத்துக்குடி ஜில்லாவின் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற சர்ச்சையில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள்மேல் எழுதப்பட்ட பிரிவுகளில் எதுவும் ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனைக்குரியதன்று. அத்தகைய வழக்குகளில் வழக்கத்துக்காகக் கைது செய்யலாகாது, ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே முறை, ரிமாண்டு செய்யும் மாஜிஸ்திரேட்டும் காரணங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து நாளை வா என்று சொல்லியிருக்கலாம். கடையைப் போட்டுவிட்டு எங்கும் ஓடிவிடக்கூடியவர்கள் அல்லர். அவர்கள் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி விடியற்காலை தந்தையும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்தார்கள்.

“ஒத்துக்கிட்டுப் போயிரு”

பெட்டி கேஸ் என்று நம்மவர் சொல்லும் மிகச் சிறிய வழக்குகளின் உலகம் வேறு. பொதுவிடத்தில் குடித்தது, சீட்டாடியது, சந்தையன்று ரோட்டோரத்தில் கடை போட்டது ஆகியவை அதில் அடங்கும். பல சமயங்களில் அங்கே சம்மன் என்ற காகிதமே குறுக்கிடுவதில்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்துவிடு, ஃபைனைக் கட்டிவிட்டு மத்தியானம் பஸ் ஏறிவிடலாம் என்று. வந்தவர்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, உள்ளே போனதும் என்ன கேட்டாலும் ஆமாம் ஐயா என்று சொல் என்று பாடம் சொல்லிக் கொடுப்பதும் நடக்கும். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, உள்ளே போய்க் கைகட்டி நின்று, கேள்வி முடியுமுன்னே ஆமாம் சொல்லி, அபராதம் கட்டி ரசீதை வாங்கி வெளியே வர, நான் ஒரு நாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு மனிதருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதில் யாருக்கும் குறையில்லை என்று சொல்வார்கள். கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலியோடு போயிற்று. வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியதில்லை. போலீஸுக்குக் கணக்கு முடிந்தது. கோர்ட்டுக்குக் கோப்பு முடிந்தது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதி, சம்மனிலேயே குறித்துள்ள அபராதத்தை அனுப்பிவிட்டால் கோர்ட் வாசலை மிதிக்கவே வேண்டாம் என்ற வசதியை நமது சட்டமே கொடுத்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே தண்டனையாகவுள்ள சிறு குற்றங்களுக்கு அது பொருந்தும். இங்கிலாந்தில் 1957 முதல் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முறை இருக்கிறது. 2015 முதல் ஒரே ஒரு மாஜிஸ்திரேட் தனியறையில் காகிதங்களைப் பார்த்தே தீர்ப்பளிக்கும் முறையும் வந்து, கடிதத்தைப் பிரித்துக்கூடப் பாராத நோயாளிகளும் முதியவர்களும் தண்டிக்கப்படுகிறார்கள் என்ற கண்டனத்துக்கு அது ஆளாகியிருக்கிறது. படிப்பில் தேறிய அந்த நாட்டிலேயே கடிதம் பிரிக்கப்படாமல் கிடக்கிறதென்றால், சுருக்குப்பையில் கிடந்த சம்மனைப் பற்றி நாம் வியப்பதற்கில்லை.

வசதி என்பது தெரிந்து எடுத்துக்கொள்பவருக்குத்தான் வசதி. ஆமாம் ஐயா என்ற இரண்டு வார்த்தை குற்றத் தீர்ப்பாய்ப் பதிவாகிறது என்று அந்த வரிசையில் நின்ற இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கரிசல் காட்டில் விடியுமுன் ரோட்டோரம் ஓடிப் பழகும் பையன்களைப் பார்க்கிறோம். பாதிப்பேர் போலீஸ் தேர்வுக்கும் பட்டாளத்துக்கும் ஆயத்தமாகிறவர்கள். நடத்தைச் சரிபார்ப்புக்கு அதே ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போகும்போது, கொடைவிழாவில் சிநேகிதர்களோடு அகப்பட்டு நூறும் இருநூறும் கட்டி ஒழிந்ததாக நினைத்த கேஸ் அங்கே எழுந்து நிற்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பதற்கு முன், ஒப்புக்கொண்டால் இன்னது நேரும், மறுத்தால் விசாரணை நடக்கும், வக்கீல் வைக்க வகையில்லாதவருக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு என்று மூன்று வாக்கியம் தமிழில் சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. 1976-ல் அரசியல் சாசனத்தில் 39ஏ சேர்ந்ததும், 1987-ல் சட்டப் பணிகள் சட்டம் பிறந்ததும் இதற்காகத்தான். தாலுகா தோறும் குழு இருக்கிறது. அது லோக் அதாலத் நாளில் மட்டும் கண்ணில் படுகிறது. அதன் மேஜை ஒன்று அந்த வராந்தாவிலே, பெட்டி கேஸ் வரிசை தொடங்கும் இடத்திலே போடப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

காகிதமே இல்லாத சம்மனும் வந்துவிட்டது. கோர்ட் முத்திரையின் உருவத்தோடு மின்னணு முறையில் அனுப்பினாலும் சார்வானதாகவே கொள்ளப்படும் என்கிறது புதிய சட்டம். ஆஜராகச் சொல்லிப் போலீஸார் கொடுக்கும் நோட்டீஸை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாகாது என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு வராவிட்டால் கைது வரை போகும் என்பதால் அந்த ஜாக்கிரதை. ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பேரன் கையில் என்று இருக்கும் ஊரில், கோர்ட் சம்மனுக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பெரியம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலை பஸ்ஸை விட்டுவிட்டு அந்த நிறுத்தத்திலேயே நின்று, எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போட்டேன். “திங்கக்கெழமையா? கூப்பிட்டிருப்பாங்க, ஆளு இல்லைன்னு மறுபடி சம்மன் போட்டிருப்பாங்க. வாரண்டு வர்றதுக்குள்ள வக்காலத்துப் போட்டு, 317-ம் போட்டுருவோம், பெரியம்மாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். வராமைக்கு விலக்குக் கேட்கும் அந்த மனுவுக்குப் புதிய சட்டத்தில் எண் 355 என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மகன் பொங்கலுக்குக் காத்திராமல் அடுத்த வாரமே லீவு போட்டு வந்தான், கூண்டில் நின்றான், குற்றச்சாட்டை வாசித்துக் கேட்டபோது, இல்லை ஐயா, நான் அடிக்கவில்லை என்று சொன்னான். எதிர்க்கட்சிக்காரரும் சாட்சி சொல்ல வந்திருந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வழக்கு மாசி மாதத்துக்கு வாய்தா போடப்பட்டிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டுக்கோ அண்டை வீட்டுக்கோ அப்படியொரு காகிதம் வந்தால், வாங்க மறுத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மறுத்தால் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள், அதுவும் செல்லும். வாங்கிக்கொண்டு, தேதியையும் கோர்ட்டின் பெயரையும் வழக்கு எண்ணையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, உரியவருக்கு அன்றே போன் செய்யுங்கள். வக்கீல் வைக்கக் கையில் காசில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லாத தொலைபேசி எண் 15100.